கோட்டுக்கு இருபுறமும் ஆடியவர்கள்

பூல் ஆகட்டும், கிளப் ஸ்நூக்கர் ஆகட்டும், உள்ளூர்ப் போட்டிக்கு டிரா போடும்போதே ஒரு முணுமுணுப்பு எழும்: ‘ப்ரோ ஆளையெல்லாம் ஏன் சேர்க்கிறார்கள்?’ கைக்காசு போட்டு நுழைவுக் கட்டணம் கட்டியவரின் கோபம் புரிகிறது. ஆனால் ப்ரோ என்பவர் யார்? பெங்களூரு கண்ட ஆட்டக்காரர்களின் வரலாறு அதற்கு எளிதில் பதில் சொல்வதில்லை.

1987இல் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் போட்டி இந்நகரில் நடந்தது. பட்டம் வென்ற வேல்ஸ் வீரர் டேரன் மோர்கன் அடுத்த ஆண்டே தொழில்முறைக்கு மாறினார். 1994இல் உலகத் தொழில்முறைப் போட்டியின் அரையிறுதி வரை முன்னேறினார். பின்னாளில் அங்கிருந்து விலகி, அமெச்சூர் அமைப்பு மூத்தோருக்கு நடத்தும் உலகப் போட்டியிலும் பட்டம் வென்றார்.

முன்பெல்லாம் ஆட்டத்தால் பணம் ஈட்டாதவரே அமெச்சூர். 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றதும் அமெச்சூராகத்தான். நாளடைவில் அந்த வேலி தளர்ந்தது. 1992 முதல் பல முறை உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற கீத் சேத்தி, 2001இல் அமெச்சூர் அமைப்பின் உலகப் பட்டத்தையும் கைப்பற்றினார்.

பெங்களூருவின் பங்கஜ் அத்வானி இரு கரையிலும் நின்றவர். 2003இல் உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டம். 2009இல் லீட்ஸில் உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ் பட்டம். 2012இல் தொழில்முறை ஸ்நூக்கர் சுற்றில் சேர்ந்தார். 2013 வெல்ஷ் ஓபனில் காலிறுதிவரை சென்ற அவர், 2014இல் சுற்றை விட்டு விலகினார். மறு ஆண்டே எகிப்தின் ஹுர்கதாவில் மீண்டும் அமெச்சூர் உலக சாம்பியன். கையில் இருந்த திறமை அதேதான். மாறியது உறுப்பினர் அட்டை மட்டுமே.

அந்த இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற சீன இளைஞர் ஜாவ் ஷின்டோங், சூதாட்டத் தடைக்குப் பின் அட்டை இல்லாமலேயே 2025 உலகத் தொழில்முறை சாம்பியன்ஷிப்பில் ஆடினார். தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12 என வீழ்த்தினார். அப்பட்டத்தை வென்ற முதல் அமெச்சூர் அவர்தான். அட்டையைப் பார்த்து ஆளைச் சேர்க்கும் கிளப், அன்று உலக சாம்பியனையே ‘அமெச்சூர்’ என்று உள்ளே விட்டிருக்கும்!

இதற்கு ஆட்டக்காரர்கள் கண்ட பழைய மருந்து ஹேண்டிகேப். வலுவானவர் ஒவ்வொரு ஃபிரேமிலும் எதிராளிக்கு முன்கூட்டியே சில புள்ளிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். 1930களில் இங்கிலாந்தின் ‘டெய்லி மெயில்’ தங்கக் கோப்பையில் பெரிய தொழில்முறை வீரர்களே இப்படித்தான் மோதினார்கள். சம புள்ளியில் தம்பி ஃப்ரெட்டைத் தவிர யாரிடமும் தோற்காதவர் என்று பெயரெடுத்த ஜோ டேவிஸுக்கும் அதில் விலக்கு இல்லை.

இம்முறையில் யாரையும் வாசலில் நிறுத்த வேண்டாம். ஆனால் யாருக்கு எத்தனை புள்ளி என்பதை யார் முடிவு செய்வது? சலுகைக்காகத் திறமையை அடக்கி வாசிக்கும் ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? இந்த வழக்குகளெல்லாம் இப்போது போட்டி நடத்துபவரின் மேசைக்கு வருகின்றன.