காய்ச்சல் விட்டுருச்சா... அப்போதான் உஷாரா இருக்கணும்! - மழைக்கால ஹெல்த் கைடு

ஐப்பசி பிறந்தாச்சு. காலையில சுள்ளுனு வெயில், மதியம் புழுக்கம், சாயங்காலம் ஆபீஸ் விட்டுக் கிளம்புற நேரம் பார்த்து மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் இந்தக் கதைதான். கூடவே காய்ச்சலும் வரும். 'ரெண்டு நாள் படுத்து எழுந்தா சரியாகிடும்'னு நினைக்கிறவரா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான்.

பகல்ல கடிக்கிற கொசு

கொசுன்னாலே ராத்திரிதான் ஞாபகம் வரும். ஆனா, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். காலை நேரத்திலும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரத்திலும் அதிகமாகக் கடிக்கும்.

இது முட்டையிடுவது வீட்டைச் சுற்றித் தேங்கியிருக்கும் நல்ல தண்ணீரில். ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற ட்ரே, மணி பிளான்ட் பாட்டில், மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் அதுக்கு வீடுதான். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால, ஞாயிற்றுக்கிழமைதோறும் 10 நிமிஷம் ஒதுக்குங்க. தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள், தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும். தேய்ச்சுக் கழுவணும்.

மாத்திரையில கவனம்

காய்ச்சல், உடம்புவலிக்கு மெடிக்கல்ல கேட்டு ஏதோ ஒரு பெயின் கில்லர் வாங்கிப் போடுறது நம்ம பழக்கம். டெங்குவாக இருந்தால் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். பாராசிட்டமால் போதும், அதுவும் சொன்ன அளவில். ஆன்டிபயாடிக் டெங்கு வைரஸை ஒண்ணும் செய்யாது. காய்ச்சல் ரெண்டாவது நாளும் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்க. நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு எதுவுமே டாக்டருக்கு மாற்று கிடையாது.

ஆபத்து எப்போ?

பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். டெங்குவில் 3-வது நாளிலிருந்து 7-வது நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். 'அப்பாடா'ன்னு வேலைக்குக் கிளம்பிடுவோம். ஆனா, சிலருக்கு அந்த நேரத்துலதான் ரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ரொம்ப முக்கியம். இதில் ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்:

* விடாத, கடுமையான வயிற்றுவலி
* திரும்பத் திரும்ப வாந்தி
* ஈறு, மூக்கில் ரத்தம். வாந்தியிலோ மலத்திலோ ரத்தம்
* மூச்சு வாங்குதல்
* எழுந்திரிக்க முடியாத சோர்வு, குழப்பம், கை கால் ஜில்லிட்டுப் போதல்
* சிறுநீர் குறைதல்

பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'நார்மல்தானே'ன்னு இருந்துடாதீங்க. இந்த அறிகுறிகள்தான் முதல்ல பேசும். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. வேறொரு வகை ரெண்டாவது முறை தாக்கும்போது தீவிரமாக வாய்ப்பு அதிகம்.

வெள்ளத்துல நடந்தீங்களா?

முழங்கால் தண்ணியில பைக்கைத் தள்ளிக்கிட்டு வந்திருப்பீங்க. எலியின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீர், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்க. அடுத்த சில வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா, தண்ணியில நடந்ததை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சா மருந்திலேயே குணமாகும்.

கடைசியா ஒண்ணு. ஊரை விட்டு வந்து ரூம்லயோ ஹாஸ்டல்லயோ தங்கியிருக்கீங்களா? காய்ச்சல்னா கதவைச் சாத்திக்கிட்டு தனியா படுக்காதீங்க. பக்கத்து ரூம்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லி வைங்க. பக்கத்து ரூம் நண்பனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சுன்னு தெரிஞ்சா, அன்னிக்கு ராத்திரி ஒரு தடவை கதவைத் தட்டிப் பாருங்க. ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. ரெண்டையும் இப்பவே போன்ல சேவ் பண்ணிடுங்க!