இரவல் தோல்

தீபாவளிக்கு முந்திய வாரம், உயர்நிலை இரண்டு மாணவர்களுக்குத் தீ விபத்து பற்றிய கருத்தறிதல் பகுதி ஒன்றைக் கொடுத்திருந்தேன். அதில் 'தோல் வங்கி' என்னும் சொல் வந்தது. ஒரு மாணவி எழுந்து, "சார், இப்போதெல்லாம் தோலை ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்துவிடுகிறார்களாமே. பிறகு எதற்கு இறந்தவர்களுடைய தோல்?" என்று கேட்டாள். மணி அடிக்க மூன்று நிமிடங்களே இருந்தன. "அதெல்லாம் பழைய கதையம்மா, இனிமேல் தேவைப்படாது" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

அது தவறான விடை. எவ்வளவு தவறு என்பதை அடுத்த சில வாரங்கள் படித்த பிறகே உணர்ந்தேன். வகுப்பில் திருத்திச் சொல்லியாயிற்று. ஆனாலும் அதன் பின்னுள்ள வரலாறு ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்று தோன்றியதால் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

தோல் ஒட்டுதல் என்றவுடன் நம்மவர் சிலர் சுசுருதரை நினைவூட்டுவர். நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைக்கும் முறை இந்தியாவில் வழங்கியது உண்மை. 1794-ஆம் ஆண்டு இலண்டன் இதழ் ஒன்றில் அச்செய்தி படத்துடன் வெளிவந்ததும், 1814-இல் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் அதைச் செய்து பார்த்ததும் உண்மை. பெருமைப்படலாம். ஆனால் அது உடலோடு ஒட்டியிருக்கும் தோலை இடம் மாற்றும் கலை. உடலின் பெரும்பகுதி வெந்துபோனவருக்கு அது உதவாது.

உடலிலிருந்து முற்றிலும் பிரித்தெடுத்த சிறு தோல் துண்டுகள் வேறிடத்தில் உயிர் பிடித்து வளரும் என்பதை 1869-இல் பாரிஸ் நகரில் ரெவெர்டின் என்பவர் காட்டினார். இன்றும் தீக்காய மருத்துவத்தின் அடிப்படை அதுவே. நோயாளியின் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து, வலைபோலக் கீறி விரித்து, காயத்தின்மேல் பரப்புகிறார்கள். வளர்ந்த ஒருவரின் தோலின் பரப்பு ஏறக்குறைய இரண்டு சதுர மீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு எரிந்துவிட்டால், மிஞ்சிய ஒரு பங்கிலிருந்து எவ்வளவுதான் எடுப்பது?

அடுத்தவர் தோலை ஒட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். இரண்டாம் உலகப் போரின்போது கிளாஸ்கோவில் பீட்டர் மெதவார் என்னும் விலங்கியலாளரும் கிப்சன் என்னும் அறுவை மருத்துவரும் இதை ஆராய்ந்தனர். தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய உடன்பிறந்தவரின் தோலை ஒட்டினார்கள். சில வாரங்களில் அது அழிந்தது. அவருடைய தோலையே மறுமுறை ஒட்டியபோது முன்னிலும் விரைவாக அழிந்தது. அந்நியத் தோலை உடல் அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதை 1943-இல் வெளியிட்டார்கள். உறுப்பு மாற்று மருத்துவத்திற்கே வழிகாட்டிய ஆய்வு அது. மெதவாருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் அழியும் தோலுக்கும் ஒரு பயன் உண்டு. கடுமையாக எரிந்தவரின் எதிர்ப்பாற்றல் தளர்ந்திருப்பதால், பிறர் தோல் சில வாரங்கள் தாங்கும். அவ்வளவு காலமும் அது உடலின் நீரைக் காக்கிறது, கிருமியைத் தடுக்கிறது, வலியைக் குறைக்கிறது. இரவல் சட்டைபோல.

இனி, மாணவி கேட்ட 'வளர்த்த தோலு'க்கு வருவோம்.

1975-இல் அமெரிக்காவில் ரைன்வால்ட், ஹாவர்ட் கிரீன் ஆகிய இருவரும் மனிதத் தோலின் மேற்பரப்புச் செல்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கும் வழியைக் கண்டனர். அச்செல்கள் தனியே வளர மறுத்தன. கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட எலிச் செல்களின்மேல் பரப்பியபோதுதான் செழித்தன. தபால்தலை அளவுத் தோலிலிருந்து மூன்று நான்கு வாரங்களில் ஓர் உடலையே போர்த்தும் அளவு படலம் கிடைத்தது. 1983-இல் வயோமிங் மாநிலத்துச் சிறுவர்கள் சிலர், உடலில் பட்ட வண்ணப்பூச்சைக் கரைப்பானால் துடைத்தபோது தீப்பற்றிக்கொண்டது. அவர்களுள் அண்ணன் தம்பி இருவருக்கு உடலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குமேல் எரிந்துவிட்டது. பாஸ்டனில் அவர்களுடைய செல்களையே வளர்த்து, பாதி உடலை அதனால் மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. 'செயற்கைத் தோல் வந்துவிட்டது' என்று என்னைப் போன்றோர் மனத்தில் பதிந்தது அப்போதுதான்.

ஆனால் அந்தப் படலம் சில செல் அடுக்குகளே கனமுடையது. நம் தோலுக்கு மேல்தோல், அடித்தோல் என இரு பகுதிகள் உண்டு. வளர்த்தது மேல்தோல் மட்டும். அடித்தோல் இல்லாத காயத்தில் அதை வைத்தால் பல நேரம் பிடிப்பதில்லை. பிடித்தாலும் கொப்புளமாகிக் கிழியும். சுவரில்லாமல் சுண்ணாம்பு பூசுவது போன்றது.

அந்தச் சுவர் எதனால் ஆனது என்பதைத் தேடும்போதுதான் எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி கிட்டியது. அடித்தோலின் இழை கொலாஜன் என்னும் புரதம். அதன் அமைப்பு, மூன்று புரியாக முறுக்கிய கயிறு என்பதை முதலில் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்த கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆண்டு 1954. இங்கிலாந்திலிருந்து வந்த பெர்னால் என்னும் அறிஞர் கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்ல, இராமச்சந்திரன் பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திற்குச் சென்று மாதிரி கேட்டார். அங்கே கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண்! செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடும் முறையை ஆராய அமைந்த நிறுவனம், மனிதத் தோலின் இரகசியத்திற்கு வாயில் திறந்தது. மாட்டுத் தோல், மனிதத் தோல் இரண்டையும் 'தோல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நம் மொழி இங்கே தவறவில்லை. தேக்காவில் மாணவர்களை மரபுநடைக்கு அழைத்துச் செல்லும்போது, பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய பெயர்கள் அக்காலத்து மாட்டு வணிகத்தின் எச்சம் என்று சொல்வது வழக்கம். இப்போது இந்தக் கதையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மாட்டுத் தசைநாணின் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் கலந்து, நுண்துளைகள் கொண்ட பஞ்சு போன்ற அடித்தோல் ஒன்றை யானஸ், பர்க் என்னும் இரு அறிஞர்கள் பாஸ்டனில் செய்தார்கள். மேலே மெல்லிய சிலிகோன் படலம். 1981-இல் நோயாளிகளிடம் பெற்ற வெற்றியை வெளியிட்டார்கள். 'இன்டெக்ரா' என்ற பெயரில் 1996-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. நோயாளியின் இரத்தக் குழாய்கள் இரண்டு மூன்று வாரங்களில் அந்தப் பஞ்சினுள் புகுந்து வளர்கின்றன. பிறகு சிலிகோனை உரித்துவிட்டு, அவருடைய மெல்லிய மேல்தோலை ஒட்டவேண்டும். ஆக, இங்கே சுவர் உண்டு, சுண்ணாம்பு இல்லை.

இரண்டையும் இணைக்கும் வழியை 1986-இல் குவோனோ என்ற அமெரிக்க மருத்துவர் காட்டினார். முதலில் இறந்தவர் தந்த தோலால் காயத்தை மூடுவது. அது நிலைத்தபின் அதன் மேல்தோலை மட்டும் நீக்குவது. உடல் பெரிதும் வெறுப்பது மேல்தோலின் செல்களையே என்பதால் அடித்தோல் தங்கிவிடுகிறது. அதன்மேல் நோயாளியின் வளர்த்த செல்களைப் பரப்புவது. ஆய்வுக்கூடத் தோல், தான் நிற்பதற்கு இறந்த மனிதர் ஒருவரின் தோலைத் தேடி வந்தது. நான் வகுப்பில் 'தேவைப்படாது' என்று சொன்ன அதே தோல்!

சிங்கப்பூருக்கு வருவோம். 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் இறந்தனர். போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் இதைவிடக் கொடிய தொழிற்சாலை விபத்து நிகழ்ந்ததில்லை. அன்று நம்மிடம் தோல் வங்கி இல்லை. அவுட்ரமில் உள்ள சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் அது அமைந்தது 1998-இல். நான்கு ஆண்டுகள் கழித்து, அதே அக்டோபர் 12 அன்று, பாலித் தீவில் குண்டு வெடித்து 202 பேர் மாண்டனர். காயமுற்றோர் சிலரை விமானத்தில் இங்கே கொண்டுவந்தார்கள். வேறு பலர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றனர். அங்கே பியோனா வுட் என்ற மருத்துவர் நோயாளியின் செல்களைத் தெளிப்பானால் காயத்தின்மேல் தெளிக்கும் முறையைப் பயன்படுத்திப் புகழ்பெற்றார்.

சிங்கப்பூர் மருத்துவர்கள் தோல் வங்கியால் கிடைத்த பயனை 2004-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆய்வும் நிற்கவில்லை. கிரீன் காலத்து எலிச் செல்களை விட்டொழித்து, 'லேமினின்' என்னும் மனிதப் புரதத்தின்மேலேயே தோல் செல்களை வளர்க்கும் முறையை, டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் கார்ல் டிரிக்வசன் குழுவினரும் பொது மருத்துவமனை ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்டனர். எலிச் செல்லின் துணையின்றி வளர்த்தால், விலங்கிலிருந்து நோய் தொற்றும் அச்சம் நீங்கும். இத்தகைய செய்தியை நம் பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தைவிடத் தமிழ்ப் புத்தகத்தில் படிக்கவே எனக்கு ஆசை.

சட்டத்தைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். பெற்றோர் பலர், "நம் நாட்டில்தான் எல்லாரும் தானாகவே கொடையாளர் ஆயிற்றே" என்கிறார்கள். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987-இல் வந்தது. சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவையே அதில் அடங்கும். தோல் அடங்காது. தோலைக் கொடுக்க விரும்புவோர் 1972-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின்கீழ்த் தாமே எழுதிக் கொடுக்கவேண்டும். பதினெட்டு வயது நிரம்பியிருக்கவேண்டும். எழுதாமல் ஒருவர் மறைந்தால், அந்த நேரத்தில் குடும்பத்தார் முடிவு செய்யவேண்டியிருக்கும். துக்க வீட்டில் அந்தக் கேள்வியை யார் எதிர்கொள்வது?

இடையில் என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வாரயிறுதி வகுப்பொன்றில் தொடக்கநிலைச் சிறுவன் ஒருவன் சூடான மைலோவைக் கையில் ஊற்றிக்கொண்டான். நான் பற்பசையைத் தடவினேன். ஊரில் என் பாட்டி பேனா மையும் இட்லி மாவும் தடவியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவையெல்லாம் சூட்டை உள்ளேயே அடைத்துக் காயத்தை மோசமாக்கும். செய்யவேண்டியது, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டுவது. பனிக்கட்டி கூடாது. அவனுடைய புறங்கையில் தழும்பு நெடுநாள் இருந்தது. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சென்ற மாதம் பெற்றோர் சந்திப்பின்போது, கேள்வி கேட்ட அந்த மாணவியின் தாயார் தயங்கியபடி பேசினார். மகள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "சார், கொடுக்க மனமிருக்கிறது. ஆனால் உடம்பைக் குளிப்பாட்டி, புடவை கட்டி, எல்லாரும் பார்க்கும்படி வைப்போமே. அப்போது எப்படி இருக்கும்?"

முதுகிலிருந்தும் தொடையிலிருந்தும் மட்டும், காகிதம் போன்ற மெல்லிய அடுக்கை எடுப்பார்கள் என்றும், முகத்தையும் கைகளையும் தொடமாட்டார்கள் என்றும், துணி உடுத்தினால் வேறுபாடு தெரியாது என்றும் நான் படித்ததைச் சொன்னேன். "அப்படியானால் குளிப்பாட்டுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்" என்றார் அவர். ஆமாம் என்றேன். மாமியாரிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார். என் வீட்டிலும் அந்தப் படிவம் இரண்டு வாரமாக மேசைமேல் இருக்கிறது. என் மனைவி கையெழுத்திட்டுவிட்டாள். சாட்சிக் கையெழுத்துக்காக என் தம்பியின் வருகையை எதிர்பார்த்திருக்கிறேன்.