பொருத்தமான மருந்தும் தொடர் பதிவும்: தென்சென்னையில் இருமுனை மனநிலைக் கோளாற்றுச் சிகிச்சை குறித்து

முன்னுரை

தென்சென்னையில் மனநல மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் தனியார் மனநல மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனை இராயப்பேட்டையில் இருக்கிறது. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய வி.எச்.எஸ். மருத்துவமனை அடையாற்றை அடுத்த தரமணியில் இருக்கிறது. 1794-இல் தொடங்கப்பட்ட காப்பகத்தின் வழிவந்த கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். இத்தனை இருந்தும், பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்கள் தமக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து அமைவதற்குள் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள்.

நல்ல மருந்துகள் போதவில்லை என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது ஓரளவே உண்மை. எந்த மருந்து, எந்த அளவில், எத்தனை நாள் கொடுக்கப்பட்டது, என்ன பயன் தந்தது, ஏன் நிறுத்தப்பட்டது என்ற வரலாறு மருத்துவர் மாறும்போதெல்லாம் தொலைந்துபோவது அதைவிடப் பெரிய காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

லித்தியத்தின் வரலாறு

இக்கோளாற்றுக்கான முதல் மருந்தின் வரலாறே இவ்வாதத்துக்குச் சான்று. 1949-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மருத்துவர் ஜான் கேட், பித்தெழுச்சியில் (மேனியா எனப்படும் மிகைக் கிளர்ச்சி நிலையில்) இருந்த பத்துப் பேருக்கு லித்திய உப்பைக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். வியக்கத்தக்க வகையில் தேறிய அவருடைய முதல் நோயாளி, மறு ஆண்டே லித்திய நச்சால் இறந்தார். அம்மருந்தைக் கேட் கைவிட்டார். அதே மெல்போர்னில் நோவாக், டிரவுட்னர் இருவரும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்த்துப் பார்த்து மருந்து கொடுத்து, நூற்றுக்கு மேற்பட்டோரின் அனுபவத்தை 1951-இல் பதிவு செய்தார்கள். 1954-இல் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ முறையான ஒப்பீட்டு ஆய்வில் அதன் பயனை உறுதிப்படுத்தினார். ஒருவரைக் கொன்ற உப்பு பலரைக் காத்தது. இடையில் மருந்து மாறவில்லை. அளப்பதும் அளந்ததை எழுதி வைப்பதும் புதிதாக வந்தன.

இன்றும் நிலை அதுவே. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் லித்தியம் காக்கும், 1.5-ஐத் தாண்டினால் நச்சாகத் தொடங்கும். இரத்தத்தை, கடைசி மாத்திரை விழுங்கிய பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டவர், காலை மாத்திரையை விழுங்காமல் ஒன்பது மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் கை நீட்ட வேண்டும். காலை மாத்திரையையும் காபியையும் முடித்துக்கொண்டு பத்து மணிக்குப் போனால் முடிவு கூடுதலாகவே வரும். அதைப் பார்த்து அளவைக் குறைத்தால் அடுத்த மாதம் நோய் திரும்பும். கடைசி மாத்திரை எப்போது என்ற ஒரு வரி பரிசோதனைச் சீட்டில் இல்லாவிட்டால், அந்த எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

மருந்தும் வாழிடமும்

சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் பெரும்பாலும் ஒரே பாதையில் கையாள்கிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். கூடவே லித்தியமும் தங்கிவிடும். கத்திரி வெயிலில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் அரை நாள் நின்று வியர்ப்பவருக்கும், வயிற்றுப்போக்கில் படுத்தவருக்கும், நீரும் அருந்தாமல் ஏகாதசி உபவாசம் இருப்பவருக்கும், இரத்த அழுத்தத்துக்காக உப்பைத் திடீரென்று நிறுத்தியவருக்கும் நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று மிகுந்துவிடலாம். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரோபன் ஆகியவையும், இரத்த அழுத்தத்துக்கான தயசைடு, டெல்மிசார்டன் வகை மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தூக்கமும் இவ்வாறே. இரவுத் தூக்கம் கெடுவது பித்தெழுச்சியைத் தூண்டக்கூடியது. மகா சிவராத்திரிக் கண்விழிப்பும் பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களின் இரவுப் பணியும் நோயாளியின் வாழ்க்கை விவரங்கள் மட்டுமல்ல, மருத்துவ விவரங்களும் ஆகும். இவற்றைக் கேட்டறியாமல் எழுதும் மருந்துச் சீட்டு பாதிச் சீட்டே.

மருந்துத் தேர்வில் கேட்க வேண்டியவை

இக்கோளாற்றுக்கான மற்றொரு மருந்தான வால்ப்ரோயேட் பித்தெழுச்சியை விரைவில் அடக்கும். ஆனால் கருவுற்ற காலத்தில் அதை உட்கொண்டால் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு வருகிறது. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு அதைக் கொடுக்கலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் கூறுகிறது. வரன் பார்க்கும் வயதில் உள்ள பெண்ணுக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவளிடம், பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இதைப் பேசியாக வேண்டும்.

லாமோட்ரிஜின் மனச்சோர்வு திரும்பாமல் காப்பதில் சிறந்தது. அதை 25 மில்லிகிராமில் தொடங்கி, 200 மில்லிகிராமை எட்டச் சுமார் ஆறு வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் உயிருக்கு ஆபத்தான தோல் அழற்சி வரலாம். வால்ப்ரோயேட்டோடு சேர்த்தால் தொடக்க அளவே பாதியாக வேண்டும். மூன்றாம் வாரத்தில் “பலனில்லை” என்று வேறு மருத்துவரிடம் போகிறவர் அம்மருந்தைச் சோதித்துப் பார்த்தவர் ஆகமாட்டார். ஆனால் அடுத்த இடத்தில் அது தோற்ற மருந்தாகவே எண்ணப்படும். மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை வாங்கியபின் சில வாரங்களில் தூக்கமின்றிப் பரபரத்த செய்தியும் இப்படித்தான் சொல்லப்படாமல் போகிறது. இருமுனைக் கோளாறு என்று அறியச் சில சமயம் அதுவே முதல் தடயம்.

மறுப்புகளும் விடைகளும்

இரத்த அளவு பார்க்கத் தேவையில்லாத குவெட்டியாப்பின், ஒலன்சாப்பின் போன்றவை இருக்க, லித்தியத்தோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்கலாம். அவையும் பயனுள்ளவையே, ஆனால் அவற்றுக்கும் கண்காணிப்பு உண்டு. உடல் எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அவை கூட்டக்கூடும். சென்னை நீரிழிவு ஆய்வு மையம் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இந்த மண்ணில் எடை பார்க்காமல் ஒலன்சாப்பின் கொடுப்பது, இரத்தம் பார்க்காமல் லித்தியம் கொடுப்பதற்கு இணையான கவனக்குறைவு.

எழுத்தில் வைத்தால் வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சம் இரண்டாவது மறுப்பு. கல்யாணப் பேச்சு எழுந்ததும் பழைய சீட்டுகளைக் கிழித்துப்போடும் குடும்பங்கள் உண்டு. அந்த அச்சம் பொய்யானதல்ல. ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தம் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையையும் இரகசியம் காக்கப்படும் உரிமையையும் ஒருசேரத் தருகிறது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையையும் அது வழங்குகிறது. பதிவு நோயாளியின் உடைமையாகவும் அவர் பூட்டி வைப்பதாகவும் இருந்தால் அச்சத்துக்கு இடம் குறையும்.

நெரிசல் மிகுந்த நம் மருத்துவமனைகளில் இது நடக்குமா என்பது மூன்றாவது. நடந்திருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் மனச்சிதைவுக்கு முதன்முறை ஆளான 90 பேரைச் சென்னை ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள். மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு என்று உலகம் அதை அறியும். டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ப் என்னும் மனச்சிதைவு ஆய்வு அமைப்பின் புகழுக்கு அதுவும் ஒரு காரணம். ஆய்வுக்காக முடிந்தது அன்றாடச் சிகிச்சைக்கும் முடிய வேண்டும்.

முடிவுரை

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி இக்கோளாறு உள்ளவர்களில் பத்தில் ஏழு பேர் சிகிச்சையே பெறவில்லை. வாசல்வரை வந்துவிட்ட மற்ற மூவரையும் பதிவில்லாமல் இழப்பது மன்னிக்கத்தக்கதன்று. எனவே இக்கட்டுரை பரிந்துரைப்பது இது: மனநல மருத்துவர் ஒவ்வொருவரும், அரசு மருத்துவமனை ஆனாலும் தனியார் ஆனாலும், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள், நிறுத்தியதன் காரணம், இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதி நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். மருத்துவர் கொடுக்காவிட்டால் நோயாளியோ வீட்டாரோ கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்குச் சட்டம் துணை நிற்கிறது.