ஃபார்ம்: வயலுக்கு முந்திய குத்தகை

சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் 17, 18ஆம் நூற்றாண்டு ஆவணங்களைப் படிப்பவர் ‘வெற்றிலை, புகையிலை ஃபார்ம்’ என்ற தொடரைச் சந்திப்பார். உடனே கொடிக்காலும் புகையிலைக் கொல்லையும் மனத்தில் எழும். ஆனால், அங்கே ஒரு செடிகூட இல்லை. நகரில் அந்த இரண்டையும் விற்கும் தனியுரிமையைக் கிழக்கிந்தியக் கும்பினியார் ஒரு தொகை பேசி ஒருவருக்கு விட்ட ஏற்பாடு அது. நம் ஊர் வழக்கில் சொன்னால், குத்தகை.

இந்தப் பொருளே மூத்தது. வயல் பின்னால் வந்து சேர்ந்தது. லத்தீனில் ‘ஃபிர்முஸ்’ என்றால் உறுதியானது. இடைக்கால லத்தீனில் ‘ஃபிர்மா’ மாறாத தொகையைக் குறித்தது. விளைந்தாலும் பொய்த்தாலும் பேசிய தொகை பேசியதுதான். பழைய ஆங்கிலத்திலோ ‘ஃபெயோர்ம்’ என்று ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. அது உணவையும், உணவுப் பொருளாக அளக்கும் கடமையையும் சுட்டியது. நார்மானியர் ஆட்சியில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன. இங்கிலாந்தின் 1086ஆம் ஆண்டு நிலப் பதிவேடான டூம்ஸ்டேயில் சில அரச கிராமங்களுக்கு ‘ஓர் இரவின் ஃபிர்மா’ விதிக்கப்பட்டிருக்கிறது. அரசரையும் பரிவாரத்தையும் ஒரு நாள் போஷிக்கும் பொறுப்பு என்பது அதன் கருத்து. மாவட்ட அதிகாரியான ஷெரீஃபும் மாவட்டத்துக்கு இவ்வளவு என்று கருவூலத்தில் கட்டிவிடுவார்; மிஞ்சியது அவருக்கு.

ஆகவே, முதலில் ‘ஃபார்மர்’ என்பவர் ஏர் பிடித்தவர் அல்லர், குத்தகைதாரர். உழுதவரை ‘ஹஸ்பண்ட்மேன்’ என்றார்கள். குத்தகைக்கு விட்ட நிலத்தையே ‘ஃபார்ம்’ என்று சொல்லும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. அப்போதும் பழைய பொருள் ஓய்ந்துவிடவில்லை. இங்கிலாந்தின் சுங்க வரி 1604இல் தொடங்கி 1671 வரை பெரும்பாலும் வணிகர் குழுக்களிடம் குத்தகையில் இருந்தது. பிரான்சில் வேதியியலாளர் லவாய்சியே இத்தகைய வரிக் குத்தகைதாரர்களில் ஒருவர். அதற்காகவே 1794 மே 8 அன்று சக குத்தகைதாரர்களோடு கில்லட்டினில் தலை இழந்தார்.

நம் வரலாற்றை எழுதுவோர் தடுமாறும் இடம் இதுதான். 1772இல் கும்பினியின் ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் நிலவரி வசூலை ஏலத்தில் ஐந்தாண்டுக்கு விட்டார். ஏலம் எடுத்தவர்களை ஆங்கில ஆவணம் ‘ஃபார்மர்’ என்கிறது. அதை ‘விவசாயி’ என்று பெயர்த்தால், கசக்கிப் பிழிந்தவர் பிழியப்பட்டவராக மாறிவிடுவார். உழவர்களுக்கு இழைக்கப்படும் அநீதியாகவே இந்தப் பிழையை நான் காண்கிறேன். சிங்கப்பூரின் ‘ஓப்பியம் ஃபார்ம்’ விஷயமும் இப்படித்தான். கசகசாச் செடி விளைந்தது பெரும்பாலும் பிகார், பனாரஸ் வட்டார வயல்களில். சிங்கப்பூரில் இருந்தது அபினைக் காய்ச்சி விற்கும் உரிமைதான். 1910இல்தான் அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

விக்டோரியா கால இங்கிலாந்தில் ‘பேபி ஃபார்மிங்’ என்ற கொடுமை நடந்தது. பணம் வாங்கிக்கொண்டு பிறர் குழந்தைகளை வளர்க்க ஏற்பார்கள். மொத்தத் தொகையாகப் பேசிவிட்டால் குழந்தை சீக்கிரம் சாவதே ஏற்றவருக்கு லாபம். எத்தனையோ சிசுக்கள் பட்டினியில் மாண்ட பிறகே 1872இல் தடுப்புச் சட்டம் வந்தது. மாறாத தொகை என்ற பழைய கருத்து இதைவிடக் கொடூரமாக வேறெங்கும் வெளிப்பட்டதில்லை.

மீன், காற்றாலை, கணினிச் சர்வர் என்று இன்று ‘ஃபார்ம்’ விரிந்திருப்பது வயல் என்ற பிந்திய பொருளிலிருந்து. தமிழில் அந்த இடத்தைப் பண்ணை பிடித்துக்கொண்டது. கிரிக்கெட்டில், கடைசி ஆட்டக்காரரைக் காக்க ஓவர் முடிவில் ஒற்றை ரன் ஓடி அடுத்த ஓவரையும் தானே எதிர்கொள்வதையும் ‘ஃபார்ம்’ செய்வது என்கிறார்கள். இங்கே பண்ணை பொருந்தாது. ஊரையே குத்தகைக்கு எடுத்தவன்போல் என்று நம்மவர் சொல்கிறார்களே, அந்தக் குத்தகைதான் பொருந்தும்.