பெனோலாவின் குதிரை லாயம்



ஆகஸ்டு 8ஆம் நாள் புனித சிலுவையின் மேரி மக்கிலப்பின் திருநாள். சிட்னியில் வாழும் நம் மக்களுள் பலர் வடசிட்னி மவுண்ட் தெருவில் உள்ள அவருடைய கல்லறையில் முழந்தாளிட்டுச் செபித்திருப்பீர்கள். மெல்பேர்னில் வாழ்வோர், ஃபிட்ஸ்ராய் பகுதியின் பிரன்ஸ்விக் தெருவில் அவர் பிறந்த இடத்தை அறியாமலேயே பலமுறை கடந்து சென்றிருப்பீர்கள். 1842ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் அவர் பிறந்தது அங்கே. மெல்பேர்னுக்குத் தொட்டிலும் சிட்னிக்குக் கல்லறையும் வாய்த்தன. அவருடைய அழைத்தல் பிறந்த ஊரோ இவ்விரு நகரங்களுக்கும் வெகு தொலைவில், தென் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில், விக்டோரியா மாநில எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. அதன் பெயர் பெனோலா. அந்த நாட்டுப்புறப் பங்கின் கதையையே இன்று எழுத விரும்புகிறேன்.

1857ஆம் ஆண்டு சனவரியில் அடிலெய்டு நகரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார் ஜூலியன் டெனிசன் உட்ஸ். லண்டனில் பிறந்தவர், வயது 24. ஆஸ்திரியாவிலிருந்து வந்த இயேசு சபையார் திராட்சை பயிரிட்டுத் திருப்பலிக்கு இரசம் வடித்த செவன்ஹில் என்னும் இடத்தில் சில காலம் படித்தார். குருவானதும் அவருக்குக் கொடுக்கப்பட்ட பங்கு பெனோலா. அப்பங்கின் பரப்பு ஏறத்தாழ 56,000 சதுர கிலோமீட்டர். நமக்குப் புரியும் அளவில் சொன்னால், இலங்கைத் தீவை ஆறு கூறாக்கி அவற்றுள் ஐந்தை ஒரே குருவின் கையில் ஒப்படைத்ததற்குச் சமம். தார்ச்சாலை இல்லை, இரயில் இல்லை. குதிரையே அவருடைய வாகனம். சேணமே பல நாள்களில் அவருடைய வீடு.

பத்து ஆண்டுகள் அவர் அவ்வாறு அலைந்தார். அலைந்த வழியெல்லாம் பாறைகளையும் தொல்லுயிர்ப் படிவங்களையும் ஆராய்ந்தார். நாரகூர்ட் குகைகளில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகள் கிடப்பதை எழுதி உலகுக்கு அறிவித்தவர் அவரே. அக்குகைகள் 1994ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1862இல் தென் ஆஸ்திரேலிய நிலவியலைப் பற்றி ஒரு நூல், 1865இல் இக்கண்டத்தின் தேடலாய்வுகளைப் பற்றி மற்றொரு நூல். இவ்வளவு பெரிய பங்கை வைத்துக்கொண்டு நூல் எழுத நேரம் எங்கே கிடைத்தது என்று நம்மைப் போன்ற பங்குத்தந்தையர் வியக்கலாம்; சிறிது பொறாமையும் கொள்ளலாம்.

அப்பங்கின் மக்கள் யார்? ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்த குடியேறிகள். சிலர் ஆயிரக்கணக்கான ஆடுகளுக்கு உரிமையாளர்கள். பெரும்பாலோர் ஆடு மேய்ப்போர், மயிர் கத்தரிப்போர், வேலி அடைப்போர், சிறு நிலத்தில் பாடுபடுவோர். அம்மேய்ச்சல் நிலங்கள் போவண்டிக் மக்கள் உள்ளிட்ட பூர்வ குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு முழுமை பெறாது. மரப்பலகைக் குடிசைகளில், அயல்வீட்டார் பல கல் தொலைவில் இருக்க, இம்மக்கள் வாழ்ந்தனர். ஒரே குரு இவ்வளவு பரப்பைச் சுற்றி வர வேண்டுமெனில், ஒரு வீட்டில் திருப்பலி முடித்துப் புறப்பட்டவர் மீண்டும் அவ்வாசலில் வந்து இறங்க எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இடைப்பட்ட ஞாயிறுகளில் செபமாலையைத் தொடங்கியவர் தாயோ தந்தையோதான்.

தமிழகத்தின் கிளைப்பங்குகளில் வளர்ந்தோருக்கு இது அறிமுகமில்லாத செய்தியன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் நடத்தும் செபம். கோயில் மணி அடிக்க ஒரு கோயில்பிள்ளை. ஈழத்தவருக்கோ இதைவிட ஆழமான நினைவு உண்டு. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனதும் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687இல் புனித யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேர்ந்து சில்லாலையில் தங்கிப் பணியைத் தொடங்கும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், விசுவாசத்தைக் காத்தவர்கள் பொதுநிலையினரே. பின்னர் வாஸ் அடிகளாரும் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தி, அவர்களை நம்பியே தீவு முழுவதும் நடந்தார்.

சிட்னியின் தொடக்கமும் அப்படித்தான். 1817இல் அரசின் இசைவின்றி வந்த ஜெரமையா ஓஃபிளின் என்ற குருவை ஆளுநர் மக்குவாரி மறு ஆண்டே நாடு கடத்தினார். அவர் விட்டுச் சென்ற திவ்விய நற்கருணை ஒரு கத்தோலிக்கரின் வீட்டில் காக்கப்பட்டது. 1820ஆம் ஆண்டு மே மாதம் தெரி, கொனலி என்னும் இரு குருக்கள் வந்து சேரும்வரை மக்கள் அவ்வீட்டில் கூடிச் செபித்தனர். அவர்களுள் பலர் கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டு வந்தவர்கள்.

மீண்டும் பெனோலாவுக்கு வருவோம். உட்ஸ் அடிகளாரை வாட்டியது வழியின் தொலைவன்று, பிள்ளைகளின் கல்வி. 1851ஆம் ஆண்டிலேயே தென் ஆஸ்திரேலியா சமயங்களுக்கு வழங்கிவந்த அரசு உதவியை நிறுத்திவிட்டது. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியையை அமர்த்திக்கொண்டனர். ஏழைப் பிள்ளைகளுக்கோ எழுத்தும் இல்லை, மறைக்கல்வியும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து துறவற சபையார் எவரையேனும் அழைக்கலாம் என்றால், அவர்கள் மடம் கேட்பார்கள், அன்றாடத் திருப்பலி கேட்பார்கள். குடிசைகளுக்கு நடுவே மடத்தை யார் கட்டுவது?

1860இல், தம் உறவினரான கேமரன் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக ஓர் இளம்பெண் பெனோலாவுக்கு வந்தார். வயது 18. எட்டுப் பிள்ளைகளுள் மூத்தவர். அவருடைய தந்தை உரோமையில் குருமாணவராகப் படித்தவர், கல்வியறிவு மிக்கவர். ஆனால் பணம் அவர் கையில் தங்கியதில்லை. ஆகவே மகள் இளவயதிலேயே மெல்பேர்னில் ஓர் எழுதுபொருள் கடையில் வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கினார். பெனோலாவில் அவர் உறவினரின் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் சொன்னார். உட்ஸ் அடிகளார் அதைக் கண்டார். இருவர் உள்ளத்திலும் இருந்த கனவு ஒன்றே என்று அறிந்தபோதும் அது நிறைவேற ஆறு ஆண்டுகள் ஆயின. அதுவரை மேரி தம் குடும்பத்தின் பாரத்தைச் சுமக்க வேண்டியிருந்தது.

1866இன் தொடக்கத்தில், கைவிடப்பட்டிருந்த ஒரு குதிரை லாயத்தை மேரியின் தம்பி ஜான் பழுதுபார்த்துக் கொடுத்தார். மேரியும் அவருடைய தங்கையர் ஆனி, லெக்சி ஆகியோரும் அங்கே பள்ளியைத் தொடங்கினர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தனர். இயன்றவர் கட்டணம் தந்தனர். இயலாதவர் பிள்ளைக்கும் அதே இருக்கை. அவ்வாண்டு மார்ச் 19, சூசையப்பர் திருநாளன்று மேரி எளிய கறுப்பு உடை அணிந்து வந்தார். திருச்சடங்கும் இல்லை, ஆயரும் இல்லை. புனித சூசையப்பரின் திரு இருதய சகோதரிகள் சபை அந்நாளில் அங்கேதான் வேர்விட்டது. லாயத்தில் தொடங்கிய சபைக்குப் பெத்லகேமை நினைவூட்டத் தேவையில்லை. மறு ஆண்டு உட்ஸ் அடிகளார் எழுப்பிய கல் பள்ளிக்கூடம் இன்றும் பெனோலாவில் நிற்கிறது.

இச்சபையின் ஒழுங்கைப் பாருங்கள். அது முழுவதும் நாட்டுப்புறப் பங்கின் தேவையிலிருந்து பிறந்தது. பெரிய மடங்கள் கிடையா; இரண்டு மூன்று சகோதரிகள் மக்களின் வீட்டைப் போன்ற வீட்டில் வாழ்வர். குரு அன்றாடம் வர இயலாத ஊராயினும் செல்வர். சொத்து சேர்க்கமாட்டார்கள். சகோதரிகளிடையே உயர்ந்தோர், பணிசெய்வோர் என்ற பிரிவு இராது. இசைக்கருவிப் பயிற்சிகூட வேண்டாமென்று விலக்கினர், அது செல்வர் வீட்டுப் பெண்களுக்கான கல்வி என்று அக்காலத்தில் கருதப்பட்டதால். இன்று பிள்ளையின் கீபோர்டு வகுப்புக்காக மறைக்கல்வியைத் தள்ளிவைக்கும் பெற்றோர் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ஊரிலும் உள்ள சகோதரிகள் அவ்வூர்க் குருவுக்கோ ஆயருக்கோ அன்றித் தங்கள் பொதுத் தலைவிக்கே கட்டுப்பட்டவர்கள். பரந்து கிடந்த குடியேற்றங்களில், சகோதரிகளைத் தேவைக்கேற்ப ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அனுப்ப வேறு வழியில்லை என்று மேரி உறுதியாக நம்பினார்.

1871ஆம் ஆண்டுக்குள் தென் ஆஸ்திரேலியாவிலும் குயின்ஸ்லாந்திலுமாக ஏறத்தாழ 130 சகோதரிகள் நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளிலும் இல்லங்களிலும் பணியாற்றினர். ஐந்தே ஆண்டுகளில்! புயலும் அவ்வளவு விரைவாகவே வந்தது.

அதில் எல்லாப் பிழையும் ஒரே பக்கத்தில் இருந்ததாக நான் எழுதமாட்டேன். உட்ஸ் அடிகளார் பணக்கணக்கில் தேர்ந்தவர் அல்லர், கடன் ஏறியது. காட்சி கண்டதாகச் சொன்ன இரு சகோதரிகளை அவர் எளிதில் நம்பினார். சில ஆசிரியைகளுக்குப் பயிற்சி போதவில்லை என்ற குறையும் இருந்தது. ஆனால் இவற்றுக்கு அப்பால் ஒரு செய்தி உண்டு. குருவாகிய நான் அதை மறைத்து எழுதலாகாது. 1870ஆம் ஆண்டில், கபுண்டா என்ற ஊரில் ஒரு குரு சிறாரிடம் தவறாக நடந்ததைச் சகோதரிகள் அறிந்து உட்ஸ் அடிகளாரிடம் கூறினர். அவர் அதை மறைமாவட்ட நிர்வாகத்திடம் கொண்டு சென்றார். அக்குரு அயர்லாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அதனால் சினமுற்ற குருக்களின் பகை சகோதரிகள்மேல் திரும்பியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பின்னர் நடந்தவற்றுக்கு அதுவே ஒரே காரணம் என்பது மிகை. அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பதோ உண்மைக்குப் புறம்பு.

வத்திக்கான் திருச்சங்கத்திலிருந்து திரும்பிய ஷீல் ஆயர், சபையின் ஒழுங்கை மாற்ற ஆணையிட்டார். சகோதரிகளிடையே இரு வகுப்புகள் வேண்டும். ஒவ்வொரு இல்லமும் அந்தந்த ஊர்க் குருவின் ஆட்சிக்குள் வர வேண்டும். மேரி ஆயரைச் சந்தித்துப் பேச இசைவு கேட்டார். அதுவே கீழ்ப்படியாமை எனக் கொள்ளப்பட்டது. 1871 செப்டம்பர் 22ஆம் நாள், 29 வயதில், அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். பல பள்ளிகள் மூடப்பட்டன. சகோதரிகள் பலர் துறவுடை களைந்து தெருவில் நின்றனர். அவர்களுக்கு வாடகையின்றி வீடு கொடுத்தவர் எம்மானுவேல் சாலமன் என்ற யூத வணிகர். இயேசு சபையார் மேரிக்குத் துணை நின்றனர்.

அந்த ஐந்து மாதங்களில் அவர் ஆயருக்கு எதிராக ஒரு சொல்லும் பொதுவில் பேசவில்லை. ஆனால் தம் ஒழுங்கை விட்டுக்கொடுக்கவும் இல்லை. மௌனமாயிருந்ததை மட்டும் எடுத்துரைத்து, விட்டுக்கொடாமையை விட்டுவிடுவது நம் மறையுரைகளில் அடிக்கடி நேரும் குறை. 1872 பிப்ரவரி 21ஆம் நாள், நோயுற்றிருந்த ஆயரின் கட்டளைப்படி விலக்கு நீக்கப்பட்டது. மார்ச் 1ஆம் நாள் ஆயர் இறந்தார்.

மறு ஆண்டு மேரி தனியாகக் கப்பலேறி உரோமைக்குச் சென்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸைச் சந்தித்தார். உரோமை அவருடைய ஒழுங்கைத் திருத்தியது: சபை சொத்து வைத்துக்கொள்ளலாம், பொதுத் தலைவியின் ஆட்சி நிலைக்கும். வறுமை பற்றிய அந்தத் திருத்தத்தை உட்ஸ் அடிகளாரால் ஏற்க முடியவில்லை. தம் கனவை மேரி காக்கவில்லை என்று வருந்தி விலகினார். அவர்களுடைய பழைய தோழமை அதன்பின் திரும்பவில்லை. ஒரே பங்கில் ஒரே கனவைக் கண்ட இருவர், இருவருமே செபிக்கிறவர்கள், இப்படிப் பிரிந்தது இவ்வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி. உட்ஸ் அடிகளார் 1889இல் சிட்னியில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1888இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ சபைக்கு இறுதி ஒப்புதல் வழங்கினார். அதன் தலைமையகம் சிட்னி என்றாயிற்று. அடிலெய்டிலிருந்து மீண்டும் ஒரு முறை வெளியேற்றப்பட்டு, 1883 முதல் மேரி அங்கேதான் இருந்தார்.

இன்று இந்நாட்டின் நாட்டுப்புறப் பங்குகளில் ஒரே குரு மூன்று நான்கு ஊர்களுக்குக் காரோட்டிச் சென்று திருப்பலி நிறைவேற்றுகிறார். அவர்களுள் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் உண்டு. உட்ஸ் அடிகளார் குதிரையில் கடந்த தொலைவை நம் சகோதரக் குருக்கள் இப்போது காரில் கடக்கிறார்கள். நகரங்களில் உள்ள நம் தமிழ்ச் சமூகத்தினர், "எங்களுக்கு நிலையான தமிழ்க் குரு எப்போது வருவார், ஃபாதர்?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெனோலாவின் லாயம் நினைவுக்கு வரும். அந்தப் பள்ளியை நடத்தியவர்களுள் மூத்தவரான மேரிக்கு அப்போது வயது 24.

மேரி 1909 ஆகஸ்டு 8ஆம் நாள் வடசிட்னியில் இறந்தார். 1995இல் சிட்னியின் ரான்ட்விக் திடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டமும், 2010 அக்டோபர் 17ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் புனிதர் பட்டமும் வழங்கினர். மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவரை முதலில் கோர் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபின், மக்கள் தொடர்ந்து குழிமேட்டின் மண்ணை அள்ளிச் சென்றனர். ஓரியூரில் அருளானந்தரின் செம்மண்ணை முந்தானையில் முடிந்துவரும் நம் பாட்டிமாரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது. மண் குறைந்துகொண்டே போனதால், 1914ஆம் ஆண்டு சனவரியில் அவருடைய உடலை மவுண்ட் தெருச் சிற்றாலயத்துக்கு மாற்றினர். அங்குள்ள கல்லறையைத் தம் செலவில் அமைத்துக் கொடுத்தவர் ஜோனா பார் ஸ்மித் என்ற தோழி. அவர் கத்தோலிக்கர் அல்லர். பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர்.