மிளகு மூட்டையிலிருந்து கன்டெய்னர் வரை: கொச்சியில் கவனக்குறைவுப் பொறுப்பின் வரலாறு

மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகு மூட்டையைத் தரையோடு தரையாகப் போட்டால் சரக்கு நிற்காது. அடியில் பலகை வேண்டும், சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே காற்றோட்டம் வேண்டும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் காயல் காற்றின் ஈரம் சாக்கில் ஏறிவிட்டால் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். அப்படிக் கெட்ட மூட்டைக்கு நஷ்டம் யாருடையது? சரக்குக்காரருடையதா, வைத்துக் காத்தவருடையதா? இத்தகைய வழக்குகளின் போக்கைத் தீர்மானித்தது, கவனக்குறைவை யார் நிரூபிக்க வேண்டும் என்பதுதான் என்று கருதுகிறேன்.

1865ஆம் ஆண்டின் சரக்கேற்றுவோர் சட்டம் இதில் துணிச்சலான முதல் அடி. நிலத்திலும் உள்நாட்டு நீர்வழியிலும் கூலிக்குச் சரக்கேற்றுபவர் அதைத் தொலைத்தால், அவருடைய கவனக்குறைவை வழக்குத் தொடுத்தவர் நிரூபிக்கத் தேவையில்லை என்றது அதன் 9ஆம் பிரிவு. 1872இல் வந்த ஒப்பந்தச் சட்டம், பொருளைக் காவலில் வைத்திருப்பவருக்கு அளவுகோல் வகுத்தது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எப்படிப் பாதுகாப்பாரோ, அப்படிப் பாதுகாக்க வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. பூட்டிய கிடங்குக்குள் நடந்தது வணிகருக்குத் தெரியாது. அதனால், தக்க கவனம் எடுத்ததாகக் காட்டும் சுமையை நீதிமன்றங்கள் காவலில் வைத்திருந்தவர் மீதே வைத்தன. பலகை போட்டாரா, ஓட்டின் ஒழுக்கை அடைத்தாரா என்று அவர்தான் சொல்லியாக வேண்டும்.

ஆனால் கொச்சியில் சட்டத்துக்கு ஒரு எல்லைக்கோடு இருந்தது. கோட்டைக் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் நிலம். நடந்தே போகும் தூரத்திலிருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் ஆட்சிப் பகுதி. ஒரே துறைமுகத்தின் வணிகர்கள் இரண்டு அரசுகளின் நீதிமன்றங்களை நாடினார்கள். மத்திய அரசின் ஒப்பந்தச் சட்டம் 1951இல்தான் மட்டாஞ்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது. பின்னர் 1963ஆம் ஆண்டின் பெருந்துறைமுகப் பொறுப்புக் கழகச் சட்டம், துறைமுகம் ஏற்றுக்கொண்ட சரக்குக்கும் அதே 151ஆம் பிரிவின் அளவுகோலை வைத்தது.

இவையெல்லாம் ரசீதோ ஒப்பந்தமோ கையில் உள்ளவருக்கான நியாயங்கள். எதுவும் இல்லாத மூன்றாம் மனிதருக்கு 1932இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை வழி திறந்தது. டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில், பானத்தைத் தயாரித்தவர் அதை வாங்காமல் குடித்தவருக்கும் கவனக் கடமைப்பட்டவர் என்று தீர்ப்பானது. டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவை ஒட்டிய எம்.சி. மேத்தா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் தூரம் போனது. ஆபத்தான தொழில் நடத்துபவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றது 1986 டிசம்பர் தீர்ப்பு. என் பார்வையில் இந்திய உரிமையியல் சட்டத்தின் ஆகச் சிறந்த பங்களிப்பு இதுவே.

அந்தக் கோட்பாட்டுக்கான சோதனை கொச்சிக் கடலுக்கே வந்திருக்கிறது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்த லைபீரியக் கொடிக் கப்பலான எம்எஸ்சி எல்சா 3, 2025 மே 25 அன்று 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. அவற்றில் பன்னிரண்டில் கால்சியம் கார்பைடு இருந்தது. கேரள அரசு 2017ஆம் ஆண்டின் கடல்வழி உரிமைகோரல் சட்டப்படி உயர் நீதிமன்றத்தை அணுகி, சுமார் 9,531 கோடி ரூபாய் கேட்டது. விழிஞ்ஞத்திலிருந்த அதே குழுமத்தின் மற்றொரு கப்பலைச் சிறைப்பிடிக்கவும் உத்தரவு வாங்கியது. அதை விடுவிக்கச் சுமார் 1,227 கோடி பிணை வேண்டும் என்று செப்டம்பரில் நீதிமன்றம் நிர்ணயித்தது.

அரசு கேட்டதில் மீனவர்களின் இழப்புக்கானது சுமார் 526 கோடி. கன்டெய்னருக்குள் சரக்கு வைத்திருந்தவரிடம் ஏற்றுச்சீட்டு இருக்கிறது. கொச்சியை அடுத்த செல்லானத்து மீன்பிடி வள்ளக்காரரிடம் பிடிக்காமல் போன மீனுக்கு எந்தச் சீட்டும் இல்லை. எனவே கப்பல்காரர் பொறுப்பாளி என்று முடிவானாலும், இழப்பின் அளவைக் காட்டும் சுமை வள்ளக்காரர் தலையில்தான் இருக்கிறது. ஏலத்துறைக் கணக்கு, சங்கப் பதிவேடு, முந்தைய பருவங்களின் வரவு ஆகியவற்றை நீதிமன்றம் எவ்வளவு தாராளமாகச் சான்றாக ஏற்கிறதோ, அவ்வளவுதான் அவருக்குக் கிடைக்கும்.