ஆண் மூளை

ஆண் மூளை என்பது பெண் மூளையினின்று வேறுபட்ட தனியோர் அவயவத்தின் பெயரன்று. மனித வர்க்கம் முழுமைக்கும் பொதுவான அவ்வவயவம், கருவிலிருந்தே ஆண் ஹார்மோன்களின் வயப்பட்டு அடையும் சில மாறுதல்களையும், அவை ஆடவரின் நடத்தையில் புலப்படும் விதத்தையும் ஒருங்கே குறிப்பதற்கு வழங்கும் சொல்லாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடற்கூற்று நிபுணர்கள் இவ்விஷயத்தில் தராசையே பெரிதும் நம்பினர். ஆடவர் மூளை சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு பெரியது என்பது மெய்யே. ஆயினும் அதைக்கொண்டு புத்தியின் ஏற்றத்தாழ்வை நிர்ணயிக்க முற்பட்டது வீண் சிரமமாயிற்று. ருஷ்ய நாவலாசிரியர் துர்கனேவின் மூளை 2,000 கிராமுக்குச் சற்று மேலும், 1921-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சின் மூளை ஏறத்தாழ 1,000 கிராமும் நிறை கொண்டிருந்தன; அதுபற்றி முன்னவரின் எழுத்து பின்னவரினும் இருமடங்கு உயர்ந்ததென்று சாதிக்க ஒருவரும் முன்வரவில்லை.

நிறையை விட்டு ஹார்மோனுக்கு வருவோம். காயடித்த காளை ஏருக்கு அடங்கும் என்பதை உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தும், அதன் காரணத்தைச் சோதனை வாயிலாகத் தேடியவர் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் பெர்த்தோல்டு ஆவார். ஆறு இளஞ்சேவல்களுக்குக் காயடித்து, இரண்டினை அவ்வாறே விட்டு, ஏனைய நான்கின் வயிற்றினுள் விரை ஒவ்வொன்றை வைத்துத் தைத்தார். முன்னவை கொண்டை சிறுத்துச் சண்டையும் மறந்து சாதுவாய்த் திரிய, பின்னவையோ கூவின, போரிட்டன, பெட்டைகளைத் துரத்தின. அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விரைக்குப் புதிய இரத்தக் குழாய்கள் உண்டாகியிருந்தனவேயன்றிப் பழைய நரம்புத் தொடர்பு இல்லை. ஆகவே சேவலின் வீறு இரத்தத்தின் வழியாகவே உடலெங்கும் பரவுகின்றதென அவர் 1849-இல் வெளியிட்டார். அவ்வீறுக்குக் காரணமான பொருளைக் காளையின் விரையிலிருந்து பிரித்தெடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டவர்கள் ஆம்ஸ்டர்டாமில் எர்னஸ்ட் லாக்கூரின் குழுவினர், ஆண்டு 1935.

மனிதக் கருவில், ஒய் குரோமோசோமைச் சார்ந்த ஒரு மரபணு ஏறத்தாழ ஏழாம் வாரத்தில் விரையைத் தோற்றுவிக்க, அது சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் பிறப்பதற்கு வெகு முன்பே மூளையை எட்டுகின்றது. இக்காலத்துச் சுரப்பு நிலையான விளைவுகளை உண்டாக்கவல்லது என்பதைக் கான்சாஸ் பல்கலைக்கழகத்தார் 1959-இல் சீமைப்பெருச்சாளிகளிடத்தே காட்டினர்: சினைப்பட்ட தாய்க்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்த, அது ஈன்ற பெண் குட்டிகள் பருவமெய்தியபின் ஆணின் நடத்தையையே மிகுதியும் மேற்கொண்டன. விந்தை யாதெனில், எலியின் மூளையுள் புகும் டெஸ்டோஸ்டிரோன், பெண் ஹார்மோன் என்று நாம் வழங்கும் எஸ்ட்ரடையோலாகப் பரிணமித்த பின்னரே, பெரும்பாலும், அதனை ஆணின் வழிக்குத் திருப்புகின்றது!

மனிதனிடத்து இவ்வளவு தெளிவு இல்லை. ஹைபோதாலமஸின் முற்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்பணுத் திரள் ஆடவரிடம் பெரிதாயிருப்பது உண்மை. ஆனால் டெல் அவீவ் பல்கலைக்கழகத்து டாஃப்னா ஜோயல் முதலானோர் ஆயிரத்து நானூற்றுக்கும் மேற்பட்ட மூளைகளின் படங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, எல்லாப் பகுதிகளிலும் ஆண் தன்மையே, அல்லது பெண் தன்மையே, பொருந்திய மூளை மிக அரிது. பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை. முழுப் படத்தையும் கணிப்பொறியிடம் கொடுத்தால் அது இன்னார் ஆண், இன்னார் பெண் என்று பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகின்றது என்று இதனை மறுப்போரும் உளர். என் மதிப்பில் இரு கூற்றும் முரணானவையல்ல. முகத்தைக் கண்டு ஆண் என்று அறியலாம், அவன் கோபக்காரனா என்று அறியலாகாது.

நடத்தையைப் பொறுத்தவரை, டெஸ்டோஸ்டிரோன் என்றாலே மூர்க்கம் என்னும் பொதுஜன நம்பிக்கையை ஆராய்ச்சிகள் முற்றிலும் ஆதரிப்பதில்லை. சூரிச்சில் நிகழ்ந்து 2010-இல் வெளியான ஒரு சோதனையில், பணத்தைப் பங்கிடும் விளையாட்டுக்கு முன் டெஸ்டோஸ்டிரோனை உட்கொண்ட பெண்கள் எதிராளிக்கு நியாயமான பங்கையே அளிக்க முன்வந்தனர். உட்கொண்டதாக வெறுமனே நம்பியவர்களே கஞ்சத்தனம் காட்டினர்.

ஹார்மோன் நடத்தையை ஆள்வது போலவே நடத்தையும் ஹார்மோனை ஆள்கின்றது. பிலிப்பைன்ஸில் செபு நகரைச் சார்ந்த 624 இளைஞரை ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, தொடக்கத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிக்கிருந்தோரே பின்னர் மணந்து தந்தையராவதற்கு அதிக வாய்ப்புடையோராயிருந்தனர். தந்தையானதும் அது அவர்களிடம் வெகுவாகக் குறைந்தது. அவர்களுள்ளும், நாளொன்றுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பேணி வந்தோரிடம், அவ்வேலையில் கைவையாத தந்தையரைக் காட்டிலும் தாழ்ந்திருந்தது.